நண்டு ஏற்றுமதியில் பொறுப்பு யாருடையது: முத்திரை, சட்டம், உடன்படிக்கை ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தின் குருநகரிலும் பாசையூரிலும் விடியற்காலையில் வலையிலிருந்து கழற்றப்படும் நீலக்கால் நண்டு, கரையில் நிறுக்கப்பட்டு, இடைக் கொள்வனவாளரின் கைமாறி, பதனிடும் தொழிற்சாலையில் அவிக்கப்பட்டு, பெரும்பாலும் பெண்களின் கைகளால் சதை பிரிக்கப்பட்டு, தகரப் பேணிகளில் அடைபட்டு அமெரிக்கச் சந்தை வரை போகிறது. இந்த நீண்ட வழியில் கடலுக்கும் உழைப்பவருக்கும் தீங்கு நேராமல் காப்பதற்கு மூன்று ஏற்பாடுகள் முன்வைக்கப்படுகின்றன: தன்னார்வச் சான்றிதழ், வாங்கும் நாட்டின் சட்டம், தொழிலாளரோடு கொள்வனவாளர் செய்துகொள்ளும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. சதை பிரிக்கும் மேசையில் இருக்கும் ஒரு பெண் முறைப்பாடு செய்தால் அது யாரிடம் போய்ச் சேரும், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா என்ற கேள்வியைக் கொண்டே மூன்றையும் இங்கு எடைபோடுகிறேன்.

சான்றிதழின் வலிமை கடல் சார்ந்தது. 1997இல் தொடங்கப்பட்ட கடல்சார் மேற்பார்வைச் சபையின் நீல முத்திரை, மீன்வளத்தின் நிலை, சூழல்தொகுதி மீதான தாக்கம், முகாமைத்துவம் ஆகியவற்றையே முதன்மையாக அளக்கிறது. சினை நண்டையும் குஞ்சு நண்டையும் மீண்டும் கடலில் விடுவதும், வலைக்கண்ணின் அளவைப் பேணுவதும் பாக்குநீரிணைக்குச் சிறிய விடயங்கள் அல்ல. ஆயினும் மனிதரைக் காக்கும் பொறுப்பைச் சான்றிதழிடம் ஒப்படைக்க என் மனம் ஒப்பவில்லை. 2012 செப்டெம்பரில் கராச்சியில் தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் மாண்ட ஆடைத் தொழிற்சாலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழைப் பெற்றிருந்தது. பரிசோதகருக்குரிய கட்டணத்தைப் பரிசோதிக்கப்படுபவரே செலுத்தும் வழக்கம் நீடிக்கும்வரை இந்தக் குறை தீராது.

சட்டம் அந்தச் சுமையை வாங்குபவரின் தோளுக்கு மாற்றுகிறது. வணிக நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்று கூறும், ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2011இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டும் கோட்பாடுகள் எவரையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தவில்லை. பிரான்சின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 2023 முதல் நடைமுறைக்கு வந்த ஜேர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுப் பணிப்புரையும் அந்த எண்ணத்தைக் கடமையாக்க முயன்றன. எனினும் ஜேர்மானியச் சட்டத்தின் முழுக் கடமையும் நேரடி வழங்குநர் வரைக்கும்தான் நீள்கிறது; அதற்கு அப்பால் உரிமை மீறல் பற்றிய ஆதாரபூர்வமான தகவல் கிடைத்தால் மட்டுமே நிறுவனம் ஆராய வேண்டும். நமது கடற்றொழிலாளரோ இறக்குமதியாளருக்கு மூன்று, நான்கு படிகள் அப்பால் நிற்கிறார். நண்டின் முக்கிய சந்தையான அமெரிக்காவில் இத்தகைய பொதுச் சட்டமே இல்லை. கட்டாய உழைப்பால் உற்பத்தியான பொருட்களின் இறக்குமதியை 1930ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் தடைசெய்கிறது, அவ்வளவுதான்.

இறக்குமதித் தடை என்ற ஆயுதத்தின் கனத்தை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஆழ்கடல் படகுகளைப் போதியளவு கண்காணிக்கவில்லை என்ற காரணத்தால் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை இலங்கைப் படகுகள் பிடித்த மீனை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. கண்காணிப்பு இறுக்கப்பட்டது என்பது உண்மையே. ஆனால் தவறு செய்தவரையும் செய்யாதவரையும் அந்தத் தடை பிரித்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஏற்பாட்டையே நான் மேலானதாகக் கருதுகிறேன். புளோரிடாவின் தக்காளித் தோட்டத் தொழிலாளர்கள் உருவாக்கிய நியாய உணவுத் திட்டத்தில், பெரும் கொள்வனவாளர்கள் றாத்தலுக்கு ஒரு சதம் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். விதிகளை மீறித் திருத்திக்கொள்ளாத தோட்டத்திடம் அவர்கள் வாங்குவதில்லை. தொழிலாளர் எந்நேரமும் முறையிட ஒரு தொலைபேசி எண்ணும், விசாரிக்கச் சுயாதீனச் சபையும் உள்ளன. 1,134 உயிர்களைப் பலிகொண்ட ரானா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டட இடிபாட்டுக்குப் பின்னர், 2013இல் பங்களாதேஷில் ஆடைக் கொள்வனவாளர்கள் தொழிற்சங்கங்களோடு செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்துவதாகவே அமைந்தது. இரண்டிலும் வாங்குபவரும் செலவைச் சுமக்கிறார், முறைப்பாட்டின் போக்கைத் தீர்மானிப்பதில் தொழிலாளருக்கும் இடமுண்டு.

குடாநாட்டில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் கூட்டமைப்புகளான சமாசங்களும் வேரூன்றியிருப்பதால் இதற்கான அத்திவாரம் ஓரளவு இருக்கிறது. ஆனால் அவை படகும் வலையும் உள்ள ஆண்களைச் சுற்றியே பெரிதும் அமைந்தவை. தொழிற்சாலைப் பெண்களின் குரலுக்கு அங்கே இடம் குறைவு. கடலடியை வாரிச் செல்லும் தமிழகத்து இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதையும் எந்தக் கொள்வனவாளரின் கையொப்பமும் தடுக்காது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்திருந்தும் அது இரு அரசுகளும் தீர்க்க வேண்டிய விவகாரமாகவே நிற்கிறது.

ஆகவே கடலின் நிலையை அளக்கச் சான்றிதழின் நியமங்களை எடுத்துக்கொள்ளலாம். கொள்வனவாளரைப் பேச்சு மேசைக்கு இழுத்துவர ஐரோப்பியச் சட்டங்களைப் பயன்படுத்தலாம். எழுதப்பட வேண்டியது உடன்படிக்கைதான். கிலோவுக்கு ஒரு கூடுதல் தொகை, விசாரணைக் குழுவில் சதை பிரிக்கும் பெண்களின் பிரதிநிதிகள், தமிழில் முறையிடும் வழி, வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கிய தொழிலாளி தன் நண்டை விரும்பியவருக்கு விற்கும் உரிமை ஆகிய நான்கும் அதன் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.