பார்ட்டன் ஹாலில் ஓர் இரவு: ‘கார்னெல் 5/8/77’ இசைத்தட்டுத் தொகுப்பு

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக் குழுவின் பழைய ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதைவிட எந்தத் தேதி பிடிக்கும் என்பதைத்தான் முதலில் விசாரித்துக்கொள்வார்கள். 1965 முதல் 1995 வரை 2,300 முறைக்கும் மேல் மேடையேறிய அந்தக் குழு, முந்தைய நாள் வாசித்ததை மறுநாள் அப்படியே திருப்பி வாசிப்பதில்லை என்பதை வழக்கமாகவே வைத்திருந்ததால், ரசிகர்களின் மனத்தில் பாடல்களோடு நாள்களும் சேர்ந்தே பதிந்தன. அந்த நாள்களுள் மிக அதிகமாகப் பேசப்பட்டது 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அது அன்னையர் தினம். நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் அன்றிரவு நடந்த கச்சேரியை, நாற்பது ஆண்டுகள் கழித்து 2017 மே மாதத்தில் ரைனோ நிறுவனம் மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்டது. அந்தத் தொகுப்பைப் பற்றியதே இந்த மதிப்புரை.

நான் இந்தக் கச்சேரியை முதலில் கேட்டது தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ஒரு சக ஊழியர் கொடுத்த இரண்டு கேசட்டுகளில். தொண்ணூறு நிமிடக் கேசட் என்பதால் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கச்சேரியின் இரண்டாம் பகுதி நடுவே, ‘நாட் ஃபேட் அவே’ பாட்டில் தாளம் சூடு பிடிக்கும் நேரத்தில், டக்கென்று நாடா நின்றுவிடும். எழுந்துபோய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்தில் வாசிப்பு வேறெங்கோ போயிருக்கும். இடையில் சில விநாடிகள் காணாமற்போயிருக்கும். இத்தனை ஆண்டுகளில் அந்த வெட்டும் எனக்குப் பாட்டின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. புதிய தொகுப்பைப் போட்டு முதல்முறை கேட்டபோது, அந்த இடம் நெருங்கியதும் என்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன். வாசிப்பு நிற்கவில்லை. குழுவின் முன்னணிக் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு வளைவில் திரும்பி, இரு தாளவாத்தியக்காரர்களுக்கும் நடுவே இறங்கிச் சென்றது. அந்தச் சில விநாடிகளுக்காகவே கொடுத்த விலை தகும் என்று நான் மனமாரச் சொல்வேன்.

இந்தப் பதிவு நம் கைக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்லியாக வேண்டும். அன்று இதைப் பதிவு செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கான்டர் ஜாக்சன். அரங்கின் ஒலிபெருக்கிகளுக்குப் போகும் கலவையை அப்படியே நாடாவில் ஏற்றிவிடாமல், பதிவுக்கென்று தனியாக ஒலிகளைக் கலந்து அமைக்கும் வழக்கமுடையவர் அவர்; அதனால்தான் அவருடைய நாடாக்களில் ஒவ்வொரு வாத்தியமும் தனக்குரிய இடத்தில் நிற்கிறது. பிற்பாடு அவருக்கு வாழ்க்கையில் பெரும் சிரமங்கள் வந்து, வாடகைக் கிடங்கில் அவர் வைத்திருந்த நாடாக்கள் வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்தில் போயின. ஏலம் எடுத்தவர்களிடமிருந்து நகல்கள் மெல்லக் கசிந்து, கைமாறிக் கைமாறி, உலகம் முழுவதும் பரவின. கார்னெல் கச்சேரியின் மூல நாடா மட்டும் நெடுங்காலம் குழுவின் சொந்தக் காப்பகத்திலேயே இல்லாமல் இருந்தது. அது திரும்பி வந்த பிறகே இந்தத் தொகுப்பு சாத்தியமாயிற்று. இதற்கிடையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கப்பட வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் 2011ஆம் ஆண்டுக்கான பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டது. முறையான வெளியீடே இல்லாத ஒரு பதிவுக்கு அந்த இடம் கிடைத்ததென்றால், அதற்குக் காரணம் காசு வாங்காமல் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்த ரசிகர்கள்தான். நம் சபாக் கச்சேரிகளை ஸ்பூல் நாடாவில் பிடித்துவைத்து, உண்மையான ரசிகர் என்று தெரிந்தால் மட்டும் நகல் கொடுத்த பெரியவர்களை அறிந்தவர்களுக்கு இந்த அன்பின் தன்மை உடனே விளங்கும்.

ஒலியைப் பற்றிக் குறைசொல்ல ஏதுமில்லை. நகலின் நகலின் நகலாக வந்த கேசட்டுகளில் இரைச்சல் ஒரு தொல்லை என்றால், வேகத் தடுமாற்றம் அதைவிடப் பெரிய தொல்லை. நாடா ஓடும் வேகம் நூலிழை மாறினாலும் சுருதி நகர்ந்துவிடும். கூடவே கிட்டார் வாசித்துப் பழக நினைத்த நான் ஒவ்வொரு முறையும் தந்திகளை அந்தக் கேசட்டுக்குத் தக்கபடி இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தத் தொகுப்பில் அந்த நடுக்கத்தைக் கணினி வழியாகச் சீர்செய்து, பின்னர் ஜெஃப்ரி நார்மன் இறுதி வடிவம் கொடுத்திருக்கிறார். கீத் காட்ஷோவின் பியானோ மணிமணியாகக் கேட்கிறது. எல்லாவற்றையும்விட, கேசட்டில் வெறும் முணுமுணுப்பாக இருந்த ஃபில் லெஷின் பாஸ் கிட்டார் இங்கே தனிக் குரலாக நடமாடுகிறது. 2024இல் அவர் காலமான வாரத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இந்தத் தகடுகளைத்தான்.

அந்த பாஸின் அருமையை அறிய, இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வரும் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’, ‘ஃபயர் ஆன் தி மவுன்டன்’ இணையைக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒட்டவைத்து மேடையில் வாசிக்கும் வழக்கம் அப்போது பிறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் பாட்டு முடிந்தும் முடியாமலும் ததும்பிக்கொண்டிருக்கையில் லெஷ் அடியில் ஓர் அசைவைக் கொடுக்கிறார். தாளவாத்தியக்காரர்களான பில் க்ரோய்ட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். டோனா ஜீன் காட்ஷோவின் குரல் மேலே மிதக்கிறது. எப்போது அடுத்த பாட்டுக்குள் நுழைந்தோம் என்று சொல்ல முடியாதபடி நுழைந்துவிட்டிருக்கிறோம். இரண்டே கார்டுகளின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) மேல் நிற்கும் அந்த இரண்டாம் பாட்டில் கார்சியா அவசரமே இல்லாமல், ராக ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப்போல வாசிக்கிறார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கண்டிப்பான ஒரு தயாரிப்பாளரிடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை வாங்கப்பட்டதன் பயனை அந்த வசந்தகாலக் கச்சேரிகள் எல்லாவற்றிலும் கேட்க முடியும். தளர்வும் கட்டுக்கோப்பும் இப்படி ஒன்றாக அமைந்தது அரிது.

முதல் பகுதியைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கில்லை. நன்றாக இருக்கிறது, கடைசியில் வரும் நடனப் பாட்டு துள்ளவைக்கிறது.

ஒரு மனக்குறை உண்டு. அன்றிரவு அரங்கில் இருந்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது இசைக்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்வார்கள். மேடையருகே நெரிசல் தாங்க முடியாமல் போனது, குழுவின் மற்றொரு கிட்டார் கலைஞரும் பாடகருமான பாப் வியர் ஒலிவாங்கியில் எல்லோரையும் ஓரடி பின்னால் நகரச் சொன்னது, கச்சேரி முடிந்து கதவைத் திறந்து வெளியே வந்தால் மே மாதத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது! பார்ட்டன் ஹால் இசைக்கென்று கட்டிய இடமன்று. மாணவர்களின் இராணுவப் பயிற்சிக்காகக் கட்டப்பட்ட, உயர்ந்த வளைவுக் கூரை கொண்ட பெருங்கூடம். அந்தக் கூடத்தின் எதிரொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் பெட்டி கான்டர் ஜாக்சனின் பதிவில் மிகத் தொலைவிலேயே கேட்கின்றன. மேடைக்கும் நமக்கும் இடையில் யாருமே இல்லாததைப்போல இருக்கிறது. அது ஒரு வரமே என்றாலும், ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் நின்ற இரவு இது என்பதைத் தகடுகள் போதிய அளவு உணர்த்தவில்லை. ரசிகர்கள் கூட்டத்தின் நடுவே ஒலிவாங்கி வைத்துப் பிடித்த பதிவும் புழக்கத்தில் உள்ளது. அதில் ஒலி மங்கலானதுதான். ஆனால் பாட்டு திரும்பும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கூவுவது கேட்கிறது. தொகுப்பை வாங்குகிறவர்கள் அதையும் தேடிக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

‘மார்னிங் டியூ’வில் மட்டும் அந்தக் குறை எனக்குத் தோன்றுவதில்லை. அணுப்போருக்குப் பிறகான வெறுமையைப் பேசும் அந்தப் பாட்டைக் கார்சியா கிட்டத்தட்ட முனகலாகவே தொடங்குகிறார். இறுதியில் சொற்கள் தீர்ந்தபின் அவர் தந்திகளை விரைவாக, மேலும் விரைவாக மீட்டிக்கொண்டே போக, மொத்தக் குழுவும் அவரோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போகிறது. இங்கே முடியும் என்று நினைக்கும் இடத்தையும் தாண்டி ஏறுகிறது. நான் இதைக் கேட்டுக்கொண்டே வேறு வேலை செய்ய முயன்று ஒருமுறையும் முடிந்ததில்லை.

இதுவே அவர்களின் மிகச் சிறந்த கச்சேரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மறுநாள் பஃபலோவில் வாசித்ததே மேல் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாரத்தின் நான்கு கச்சேரிகளையும் பதினொரு தகடுகளாக அடக்கிய பெரிய பெட்டியும் அதே நாளில் வெளிவந்தது. வசதியுள்ளவர்கள் அதை வாங்கலாம். இந்தக் குழுவை இதுவரை கேட்டிராதவர்களுக்கு மூன்று தகடுகளே போதும். அவர்கள் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு முதல் முறை நீளமாகத் தோன்றினாலும், விளக்கைக் குறைத்துவிட்டு இரவில் ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.

‘மார்னிங் டியூ’ முடிந்ததும் நிறுத்திவிடவும் வேண்டாம். கூட்டம் விடாமல் கேட்டதால் ஞாயிற்றுக்கிழமை இரவில் அவர்கள் திரும்பி வந்து, சனிக்கிழமை இரவைப் பற்றிய ஒரு பாட்டை முழுத்தொண்டையில் பாடிவிட்டுத்தான், அத்தனை பேரையும் வெளியே பெய்துகொண்டிருந்த பனிக்குள் அனுப்பிவைத்தார்கள்.