பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும்?

போன வாரம் நண்பன் ஒருவன் மூன்று படங்கள் அனுப்பினான். வெள்ளைக் கார், பின்பக்கம், கிட்டத்தில் வைத்து எடுத்தவை. மிளகாய்த் தூளைக் கிள்ளித் தூவிய மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். "வாங்கி எட்டு மாசம்தான்டா ஆகுது, அதுக்குள்ள துருப்பிடிச்சிடுச்சு. நீ ஏதோ பாட்டில் வாங்கி அடிச்சியே, நல்லா இருக்கா? வாங்கட்டுமா?" ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. அன்றைக்குத்தான் என் கார் பெயிண்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தது. அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது.

என்னுடையதும் வெள்ளைதான். ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். எனக்கு இந்த வண்டியில் தீராத தலைவலி ஒன்றே ஒன்று, இந்தப் புள்ளிகள்.

முதல் வருடம் முடிவதற்குள் வந்துவிட்டன. ஷாம்பு போட்டுக் கழுவினாலும் போகவில்லை, நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் காட்டினேன். அங்கிருந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "பேனல்ல துரு ஆரம்பிச்சிருக்கு சார், இப்பவே பெயிண்ட் பண்ணிட்டா நல்லது" என்றார். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எத்தனை புள்ளி என்று எண்ண ஆரம்பித்தேன். டிக்கிக் கதவை முடித்துவிட்டுக் கீழே இறங்கினால், பம்பரிலும் அதே அளவுக்கு இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் எப்படித் துருப்பிடிக்கும்? எழுந்து போய்ப் பக்கக் கண்ணாடிகளின் மூடியைப் பார்த்தேன். அதுவும் பிளாஸ்டிக்தான், அதிலும் ஏழெட்டுப் புள்ளிகள். அப்போதுதான் மூச்சு வந்தது. துருப்பிடித்திருப்பது என் கார் இல்லை, என் கார் மேல் வந்து உட்கார்ந்த வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்று பெரும்பாலும் பிரேக்கிலிருந்து வருவது. பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேய்ந்து பொடியாகப் பறக்கிறது. நம் வண்டியிலிருந்து மட்டுமா, முன்னால் போகிற எல்லா வண்டியிலிருந்தும்தான். ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போதும் இதே கதை, கிரைண்டிங் மிஷின் பொறியும் அப்படியே. நான் தினமும் வண்டி நிறுத்துகிற இடம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது, கேட்கவே வேண்டாம். சூடாகப் பறந்து வரும் இரும்புத் துணுக்கு, பெயிண்ட் நிறத்துக்கு மேலே நிறமில்லாமல் பூசியிருக்கும் கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு நிற்கும். மழையோ பனியோ பட்டதும் அந்தத் துணுக்கு துருப்பிடிக்கும். துரு கசிந்து சுற்றிலும் ஒரு ஆரஞ்சு வளையம் போடும். பின்பக்கத்தில் அதிகம் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று, கிளப்பிய தூசியை அங்கேயே அப்பிவிட்டுப் போகும். கறுப்புக் காரிலும் இவை இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. கழுவித் துடைத்தபின் விரலில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயிண்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழவென்று இருந்தது, பைக்குள் உப்புத்தாள் மாதிரி நறநறக்கும்.

அப்புறம்தான் அந்த பாட்டிலை வாங்கினேன். அயர்ன் ரிமூவர், பெயிண்டில் ஒட்டிய இரும்புத் துணுக்கைக் கரைத்து எடுக்கிற மருந்து. முதல் முறை அடித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம். நிழலில், உடம்பு ஆறிய காரில், நிறமில்லாத திரவத்தைத் தெளித்துவிட்டு நின்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் பூத்தது. மெல்லிய கோடாக வழிந்து, பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து, பம்பர் விளிம்பில் சொட்டியது. நாவல் பழச் சாறு வடிகிற மாதிரி. வெள்ளைக் காரில் அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மூக்கும் வேண்டும், இரும்பு மூக்கு. அதில் இருப்பது தையோகிளைகாலேட் என்ற உப்பு, பார்லரில் முடியைச் சுருட்ட அடிக்கிற மருந்தில் இருக்கும் அதே சரக்கு. அழுகிய முட்டையோடு வாசனைத் திரவியம் கலந்த மாதிரி ஒரு நாற்றம். பழ வாசனை என்று லேபிளில் போட்டிருந்தார்கள். எந்தப் பழமோ. நாலைந்து நிமிடம் விட்டு, காய்வதற்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். வெயிலில் அடித்துக் காயவிட்டால் அது வேறு கறையாகும். முக்கால்வாசிப் புள்ளி அதிலேயே போய்விட்டது. மிச்சத்தை கிளே பாரில் எடுத்தேன், பெயிண்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி அது. ஷாம்புத் தண்ணீர் வழுவழுப்போடு இருக்க, அழுத்தாமல் தேய்த்தால் போதும். கிளே கை தவறிக் கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிதான், மண்ணோடு எடுத்துத் தேய்த்தால் கார் முழுக்கக் கீறல். ரப்பிங் காம்பவுண்ட் என்கிற அராவும் பசையைப் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிளியர் கோட் என்பது சுமார் 50 மைக்ரான், எழுதுகிற தாளின் தடிமனில் பாதி. அதைத் தேய்த்து மெலிய வைத்துவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

இத்தனை புகழ்ந்தாயிற்று. இனி குறை. நாலு மாதத்தில் எல்லாம் திரும்ப வரும். மெழுகு போட்டால் அடுத்த முறை எடுப்பது சுலபமாகிறது, வராமல் இருப்பதில்லை. பாட்டில் தீரத் தீர வாங்கினேன். இடுப்பு வலி வேறு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பானெட் முன்விளிம்பில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே ஒரு புள்ளி இருந்தது, கடுகளவு. மற்றவற்றோடு சேர்த்து அதன் மேலும் அடித்தேன், அதுவும் ஊதாவாக வழிந்தது. துரு எந்த இரும்பிலிருந்து வந்ததென்று அந்த மருந்துக்கு என்ன தெரியும்? "இதுவும் விருந்தாளிதான்" என்று துடைத்துவிட்டேன். மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடி. திரும்ப அடித்தேன், திரும்ப வெளுத்தது, திரும்ப வந்தது. வெளியிலிருந்து வருவது ஒவ்வொரு முறையும் இடம் பார்த்து அதே புள்ளியிலா உட்காரும்? அந்தக் கேள்வி எனக்குத் தோன்ற இரண்டு மழைக்காலம் ஆனது. அதற்குள் அங்கே துவரம்பருப்பு அளவுக்குப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது.

அது கல் பட்டு அடிவரை பெயர்ந்த இடம். பெயின்டர் கொப்புளத்தை உப்புத்தாளால் தேய்த்துக் காட்டினார். மேலே பருப்பளவு, உள்ளே ஐந்து ரூபாய்க் காசளவுக்குப் பழுப்பு. துருவாக மாறிய இரும்பு முன்பைவிட அதிக இடத்தைக் கேட்கும், அதுதான் பெயிண்டை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. "அன்னைக்கே சுரண்டி, துருவை மேல பரவாம கட்டுப்படுத்துற துரு கன்வர்ட்டர் வச்சு, பிரைமரும் டச்-அப் பெயிண்டும் தொட்டிருந்தா ஒரு மணி நேர வேலைதானே சார்" என்றார். பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமர், பட்டி, கலர், கிளியர் என்று பானெட் முழுக்க அடிக்க வேண்டியதாயிற்று. வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். என்ன, வெயிலில் பார்த்தால் பானெட் மட்டும் ஆறு வருடம் இளையது என்று தெரிகிறது.

சர்வீஸில் அவர் சொன்னது தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவரைத் தப்பென்று கண்டுபிடித்த திமிரில்தான் நிஜத் துரு வந்தபோது அதன் மேல் வாசனை மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். இருநூறு புள்ளியில் ஒன்று. அது எதுவென்று நகத்தை வைத்து ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும், பள்ளம் தட்டியிருக்கும்.

சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறது அந்த பாட்டில். இருந்தாலும் அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, இனி வாங்குவதாக இல்லை. நண்பனுக்குக் கடைசியில் இப்படித்தான் அனுப்பினேன்: "வாங்காதே. முதல்ல பானெட் முன்பக்கம், கதவு விளிம்பு, சக்கர வளைவு எல்லாம் நகம் வச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு வா, என்கிட்ட அரை பாட்டில் மிச்சம் இருக்கு. மாஸ்க் நீயே கொண்டு வந்துடு."