விற்பனைப் பிரதிநிதி தேடும் சிறு நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை: 90 நாள் உத்தரவாதம் முடிந்ததும் ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கன்சல்டன்சிகள்

விற்பனைக்கு ஆள் எடுத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய ஒரு கன்சல்டன்சி எங்களை ஏமாற்றிய விதத்தை, இதே தேடலில் இருக்கும் மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நாங்கள் பெருந்துறைக்கு அருகில் மசாலாத்தூள் தயாரித்து, ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் மளிகைக் கடைகளுக்கு அனுப்பும் சிறிய நிறுவனத்தினர். புகார் காவல் நிலையத்தில் இருப்பதால் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

மளிகைச் சரக்கு விற்பனையில் ஒரு பிரதிநிதியின் மதிப்பு அவருடைய பேச்சில் இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் அதே கடை வாசலில் போய் நிற்பதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை திருச்செங்கோடு லைன் (அன்று சுற்றிவர வேண்டிய கடைகளின் வரிசை) என்றால், மழையானாலும் செவ்வாய்க்கிழமை அங்கே இருப்பவரைத்தான் கடைக்காரர் நம்புகிறார். அவரிடம்தான் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டுப் புதிய ஆர்டரையும் சொல்கிறார். அப்படிப்பட்டவர்களை அவர்களுடைய நிறுவனங்கள் எளிதில் விடுவதில்லை என்பதால், அவர்கள் பெரும்பாலும் வேலை தேடி எங்கும் பதிவு செய்வதுமில்லை. இதை நன்றாக அறிந்திருந்த கன்சல்டன்சிக்காரர், "இப்போ லைன்ல ஓடிட்டு இருக்குற ஆளையே எடுத்துத் தர்றோம் சார், பிரெஷர் எல்லாம் கிடையாது" என்று சொன்னார்.

அவர் கேட்ட கட்டணத்தில் சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்குதான். மாதம் 22,000 ரூபாய் சம்பளத்துக்கு மூன்று பேர் என்று பேசியதால், வரியுடன் 77,880 ரூபாய் வந்தது. பாதியை ரெஸ்யூமே அனுப்பும்போதும் மீதியை ஆள் சேரும் அன்றும் கொடுக்க வேண்டும். சேர்ந்த 90 நாட்களுக்குள் ஆள் நின்றுவிட்டால் கட்டணமில்லாமல் மாற்று ஆள் தருவார்கள். பணத்தை மட்டும் நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பச் சொல்லாமல், வங்கியை மாற்றிக்கொண்டிருப்பதாகக் காரணம் கூறி, ஒரு தனிநபரின் யுபிஐ முகவரிக்கு அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த பில்லில் இருந்த ஜிஎஸ்டி பதிவு முந்தைய ஆண்டே ரத்தாகிவிட்டது என்பது, எங்கள் ஆடிட்டர் உள்ளீட்டு வரிக்காக (கொடுத்த ஜிஎஸ்டியை எங்கள் வரியில் கழித்துக்கொள்வதற்காக) அதைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. ஜிஎஸ்டி இணையதளத்தில் யாருடைய 15 இலக்க எண்ணையும் லாகின் இல்லாமலே தேடிப் பார்க்கலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பது அங்கேயே வந்துவிடும். 18 சதவீதம் வரி என்று எழுதி வாங்குகிறவரிடம் அந்த எண்ணைச் சோதிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

வந்த மூவரில் இருவர் அனுபவசாலிகள் என்றும் ஒருவர் ஓராண்டு மட்டும் வேலை பார்த்தவர் என்றும் காகிதங்கள் சொல்லின. ரிலீவிங் லெட்டர், பே ஸ்லிப், முந்தைய மேலாளரின் தொலைபேசி எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த எண்ணுக்குப் பேசியபோது, எதிர்முனையில் இருந்தவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர்களுடைய நேர்மையைப் பாராட்டத் தொடங்கினார். முதல் மாத ஆர்டர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தன. இரண்டாம் மாதத்தில் வண்டி கொண்டுபோன சரக்கு பாதிக்குப் பாதி திரும்பத் தொடங்கியது. நாங்கள் ஆர்டரே சொல்லவில்லை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

லைனுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு கடையிலும் ஒரு படம் எடுத்து அன்றன்றே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஒரு நாள் பில் போடும் பெண், அனுபவசாலிகளில் ஒருவரிடமிருந்து அப்படி வந்த படமொன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் 7 என்று இருந்தது. படம் வந்ததோ 22ஆம் தேதி. கடைக்காரர் தாளைக் கிழிக்க மறந்திருப்பார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வாரம் அவரிடமிருந்து வந்த மற்றப் படங்களில், வெவ்வேறு கடைகளின் காலண்டர்களிலும் அதே 7 இருந்தது. ஒரே நாளில் லைன் முழுவதும் சுற்றிப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பிரித்துப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதன்பிறகு நானே திருச்செங்கோட்டுக்குப் போனேன். பல ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரரிடம் அந்தப் பிரதிநிதியைப் பற்றிக் கேட்டபோது, "இந்தத் தம்பிய எனக்கு முன்னாடியே தெரியுமுங்க. போன வருஷம் டீத்தூள் கம்பெனி பையோட வந்தாரு, அதுக்கு முன்னாடி சோப்புத்தூள். மூணு மாசத்துக்கு மேல எதுலயும் இருக்கறதில்லீங்க" என்றார். ரெஸ்யூமேயில் அந்த டீத்தூள் நிறுவனமும் இல்லை, சோப்புத்தூள் நிறுவனமும் இல்லை. வேறொரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இருந்ததாகத்தான் எழுதியிருந்தது.

அவரை அழைத்து விசாரிப்பதற்குள் உத்தரவாதக் காலம் முடிந்தது. அதே வாரத்தில் அவரும் அனுபவசாலியான மற்றவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பாக்கிப் பட்டியலை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனபோது, எங்கள் பில்லின் பின்புறத்திலேயே "பணம் பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு 1,36,000 ரூபாய் வரை ரொக்கமாக வசூலித்திருப்பது தெரிந்தது. எங்கள் ஆள் என்று நாங்கள் அனுப்பியவரிடம் நம்பிக் கொடுத்த பணத்தைக் கடைக்காரரிடம் மறுபடியும் கேட்பது நியாயமும் இல்லை, கேட்டால் அந்தக் கடை கையைவிட்டுப் போய்விடும். கன்சல்டன்சியிடம் மாற்று ஆள் கேட்டதற்கு, 90 நாட்கள் கடந்துவிட்டதால் புதிதாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பதில் வந்தது.

இதன் உள்விவரத்தை எங்களுக்குச் சொன்னவர் மூன்றாவதாகச் சேர்ந்த இளைஞர். அவரிடமும் வேலை வாங்கித் தருவதற்கென்று அரை மாதச் சம்பளத்தை அந்தக் கன்சல்டன்சி வாங்கியிருந்தது. "மூணு மாசம் தாண்டுனதும் சொல்லுங்க, இன்னும் ரெண்டாயிரம் சேத்து வேற கம்பெனில போட்டுவிடறோம்னு சொன்னாங்க சார்" என்றார். ஆள் எங்களிடம் நிலைத்துவிட்டால் கன்சல்டன்சிக்கு அத்தோடு வருமானம் முடிந்தது. அவரை உத்தரவாதக் காலம் முடியும்வரை மட்டும் இருக்கச் செய்து அடுத்த நிறுவனத்துக்கு அனுப்பினால், அதே ஆளைக் காட்டி ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாக வாங்கலாம். நமக்குப் பாதுகாப்பு என்று காட்டப்படும் 90 நாள் விதிதான் அவர்கள் ஆளை மாற்றும் தேதியைக் குறித்துக் கொடுக்கிறது. அந்த இளைஞர் அடுத்த இடத்துக்குப் போக மறுத்து எங்களிடமே இருக்கிறார். மூவரில் அனுபவம் குறைந்தவர் என்று நாங்கள் சற்றே இளப்பமாகப் பார்த்தவரும் அவர்தான்.

காகிதத்தைவிடக் கடைத்தெருவில் கிடைக்கும் தகவல் நம்பகமானது. விண்ணப்பித்தவர் எந்த லைனில் வேலை பார்த்ததாகச் சொல்கிறாரோ, அந்த லைனில் நான்கைந்து மளிகைக் கடைகளில் அவருடைய படத்தைக் காட்டி விசாரித்தால் அரை நாளில் உண்மை வெளிவந்துவிடும். முந்தைய நிறுவனத்தை விசாரிக்க ரெஸ்யூமேயில் உள்ள எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி ஒவ்வொரு பாக்கெட்டிலும் நுகர்வோர் புகாருக்கான தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் பாக்கெட் ஒன்றைக் கடையில் வாங்கி, அதிலுள்ள எண்ணில் அழைத்து மேலாளரைக் கேட்டால் போதும். பிஎஃப் பிடிக்கப்பட்டவர் என்றால், தம்முடைய 12 இலக்க யுஏஎன் எண்ணைக் (பிஎஃப் உறுப்பினர் எண்) கொண்டு அவரே உங்கள் முன் பிஎஃப் இணையதளத்தில் நுழைந்து பணி வரலாற்றைக் காட்டலாம். எங்கே எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் இருக்கும். ஆனால் 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பல நிறுவனங்களில் பிஎஃப் இல்லை என்பதால், வரலாறு இல்லாததையே குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் போகாமலிருக்க அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். திருட வந்தவரை அது தடுக்காது, நேர்மையானவரை அவமதிக்கும் என்பதால் நாங்கள் அதைச் செய்யவில்லை. விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் எழுதுவதும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின் முன் நிற்காது.

கன்சல்டன்சியுடன் செய்யும் ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும். முன்பணம் கூடாது, கட்டணத்தை ஆள் சேரும்போது ஒரு பகுதி, ஆறாம் மாதம் ஒரு பகுதி, ஓராண்டு முடிவில் மீதி என்று பிரித்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் அனுப்பிய ஆளை அவர்களே இன்னொரு நிறுவனத்தில் சேர்த்தால் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத வேண்டும். வேலையை நேர்மையாகச் செய்கிறவர்கள் பேரம் பேசுவார்களே தவிர, இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிட மாட்டார்கள். இன்சென்டிவைப் பொறுத்தவரை, பில் போட்ட தொகைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வசூலாகி வங்கிக்கு வந்த தொகைக்கு மட்டும் கொடுக்கிறோம். ஒவ்வொரு பில்லிலும் நிறுவனத்தின் க்யூஆர் குறியை அச்சிட்டு, ரொக்கமாகக் கொடுத்தால் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகே ரசீதாகக் கொள்ளுமாறு எல்லாக் கடைகளுக்கும் தெரிவித்துவிட்டோம்.

சட்ட வழியைப் பற்றி வழக்கறிஞர் சொன்னதையும் எழுதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுகிறவரை நுகர்வோராகக் கருதுவதில்லை என்பதால், கன்சல்டன்சிக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எங்களைப் போன்றவர்களுக்குக் கடினம். வசூல் பணத்தைக் கையாடிய பிரதிநிதியின் மீது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) பிரிவு பொருந்தும். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்க அது இடம் தருகிறது. கன்சல்டன்சிக்கு 318ஆவது பிரிவு, அதாவது ஏமாற்றுதல். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். ஒரே ஒரு நிறுவனத்தின் புகாரை வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது எளிதல்ல.

எங்கள் புகாருக்கு இப்போது சிஎஸ்ஆர் ரசீது (காவல் நிலையம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கிடைத்திருக்கிறது. பில்கள், கையெழுத்திட்ட கடை ரசீதுகள், வாட்ஸ்அப் படங்கள், பணம் அனுப்பிய யுபிஐ விவரம் ஆகியவற்றைக் கொடுத்திருக்கிறோம். கொங்குப் பகுதியில் இதே முறையில் ஆளையும் பணத்தையும் இழந்தவர்கள் தங்கள் காவல் நிலையத்தில் தனித்தனியாகப் புகார் கொடுத்து, பணம் போன யுபிஐ முகவரியை அதில் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே முகவரி பல புகார்களில் இருந்தால், இது சம்பளத் தகராறு என்று சொல்லி எங்களை அனுப்பிவிட முடியாது.