சூனியோனா, அஃபயாவா, எபிடாரஸா: படகை எங்கே விட்டுவிட்டுக் கோயில் ஏறுவது?

ஏதென்ஸிலிருந்து பாய்மரப் படகில் கிளம்புபவர்கள் ஒரே பகலில் பழங்கால இடிபாடு ஒன்றையும் பார்க்க நினைத்தால், சாரோனிக் வளைகுடாவில் இந்த மூன்றும்தான் போட்டியில் நிற்கும். மூன்றும் அழகு. ஆகவே நாம் கரையில் இருக்கும் மூன்று மணி நேரமும் படகு பத்திரமாக நிற்குமா என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொசைடன் கோயில் நிற்கும் சூனியோன் முனை, ஏதென்ஸின் அலிமோஸ் படகுத் துறையிலிருந்து சுமார் 25 கடல்மைல், அதாவது ஐந்து மணி நேர ஓட்டம். கோயிலுக்கு நேர் கீழேயே நங்கூரமிடலாம் என்பது மற்ற இரண்டிலும் கிடைக்காத வசதி. சிக்கல் கடலடியில் இருக்கிறது: மணலும் கடற்புல்லும் திட்டுத்திட்டாகக் கலந்த தரை. புல்லில் விழுந்த நங்கூரம் பிடித்ததுபோலக் காட்டும். காற்று வலுத்ததும் புல்லைப் பிய்த்துக்கொண்டு நழுவும். வெளிறிய மணல் திட்டாகப் பார்த்து இறக்குங்கள். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு 30 மீட்டர் சங்கிலி விட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். சங்கிலியில் கை வைத்தால், நழுவும் நங்கூரத்தின் அதிர்வு விரலுக்கே தெரியும். வடகாற்றில் அலை வராது, ஆனால் குன்றிலிருந்து திடீர் வீச்சுகள் இறங்கும். ஒருவர் படகிலேயே இருக்கட்டும். தென்காற்று என்றால் இந்த இடமே வேண்டாம்.

எகினா தீவின் அஃபயா கோயில் (பொ.ஆ.மு. 500-ஐ ஒட்டியது) சூனியோனைவிட முழுமையாக நிற்கிறது, முகப்புச் சிற்பங்கள் மட்டும் பெரும்பாலும் ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியகத்தில். அகியா மரினா விரிகுடாவிலிருந்து மேட்டில் நடந்தே ஏறிவிடலாம். ஆனால் அந்த விரிகுடா கிழக்கே திறந்து கிடப்பது. கீழ்க்காற்று அறிவிப்பு இருந்தால் எகினா நகரத் துறையில் கட்டிவிட்டுப் பேருந்தில் போங்கள். கோடையில் துறை சீக்கிரம் நிரம்பிவிடும். நண்பகலுக்கு முன் சேருங்கள்.

எங்கள் தேர்வு, பழங்கால நாடக அரங்கம் நிற்கும் எபிடாரஸ். அதற்கான கடற்கரை ஊரான பாலையா எபிடாவ்ரோஸ் துறையில் முன்னே நங்கூரம் போட்டு, பின்புறத்தைக் கரையில் கட்டலாம்; படகைப் பூட்டிவிட்டு எல்லோருமே கிளம்பலாம். நங்கூரத்தை நேராக முன்னால் போடுங்கள். சாய்ந்து பக்கத்துப் படகின் சங்கிலிமேல் விழுந்தால், காலையில் அவர் கிளம்பும்போது உங்களுடையதும் சேர்ந்து எழும். 55 வரிசை கொண்ட பெரிய அரங்கம் உள்ளே வெகுதூரத்தில் இருப்பதால் டாக்சி தேவை. திரும்பும் நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆடுகளத்தின் நடுவிலுள்ள வட்டக்கல்லில் நின்று ஒருவர் பேச, மற்றவர் மேல்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு எல்லோரும் கரையில் இருந்தாக வேண்டும், அதை இந்தத் துறைதான் அனுமதிக்கிறது. டாக்சிச் செலவு கூடாது என்றால், ஊருக்குள்ளேயே நடந்து போகும் தொலைவில் சிறிய பழங்கால அரங்கம் ஒன்று இருக்கிறது.

சாரோனிக் வளைகுடாவுக்கு வெளியே, இடிபாடுகள் நிறைந்த டெலோஸ் தீவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் கோடை வடகாற்று அங்கே மூர்க்கமாக வீசும். தீவில் இரவு தங்கவும் அனுமதியில்லை. பக்கத்துத் தீவான மிக்கனோஸில் படகைக் கட்டிவிட்டு, அங்கிருந்து போகும் பயணிகள் படகில் சென்று வருவதே சரி. நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.