எங்கள் வீட்டுக் கேபிள் இணைப்பு: பராமரிப்பு நன்று, தேர்வுரிமைதான் இல்லை

எங்கள் தெருக் கேபிள்காரரிடம் பல ஆண்டுகளாக இணைப்பு வைத்திருக்கிறோம். பழுது என்று சொன்னால் அன்று மாலைக்குள் ஆள் வந்துவிடுகிறார். அடைமழையிலும் படம் தெளிவாகவே வருகிறது. பராமரிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனத்தாங்கல் சேனல் தேர்வைப் பற்றியது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, விரும்பும் சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்றார்கள். அப்போது அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாய். அதற்கு மேல் சன் டிவிக்கு 19, விஜய் டிவிக்கு 17 என்று தனித்தனி விலை. வேண்டிய சேனல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த கேபிள்காரர், "தனித்தனியா எடுத்தா அதிகமா வரும்க்கா, பேக்கேஜே போட்டுக்கோங்க" என்று தாளை மடித்துத் திருப்பித் தந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ஒரே குழுமத்தின் இரண்டு பெரிய சேனல்களைத் தனியே வாங்கும் செலவுக்கு, அதன் பாட்டு, சிரிப்பு, செய்திச் சேனல்கள் சேர்ந்த தொகுப்பே ஏறக்குறைய வந்துவிட்டது.

இந்த விலையை வைப்பவர் கேபிள்காரர் அல்லர், சேனல்களின் உரிமையாளர். பத்துச் சேனல் வைத்திருப்பவரால் இப்படித் தொகுத்து விற்க முடியும். ஒற்றைச் செய்திச் சேனல் நடத்துபவரோ இலவசமாகக் கொடுத்து, விளம்பரத்தை நம்பி, தன் சேனலை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கக் கேபிள் நிறுவனத்துக்குக் கேரேஜ் கட்டணமும் கட்ட வேண்டியவராக இருக்கிறார்.

சேனலும் கேபிளும் ஒரே கையில் இருப்பது இன்னும் கவலை தருவது. சன் குழுமத்துக்குச் சுமங்கலி கேபிள் விஷன் என்ற கேபிள் நிறுவனம் இருக்கிறது. டென், ஹாத்வே ஆகிய கேபிள் நிறுவனங்களில் பெரும்பங்கை வாங்கிய ரிலையன்ஸ், 2024 நவம்பரில் தன் ஊடகத் தொழிலை டிஸ்னியின் இந்தியத் தொழிலுடன் இணைத்ததால் விஜய் டிவியும் அதே குடையின் கீழ் வந்துவிட்டது. மாற்றாக வந்த அரசு கேபிள் 2011இல் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் எந்தச் செய்திச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பதை ஆளும் அரசே முடிவு செய்வது சரியல்ல. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்ததை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

புதிதாக இணைப்பு வாங்குவோர், தொகுப்பின் விலையோடு, இலவசச் செய்திச் சேனல்கள் எந்த எண்களில் வருகின்றன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அந்த எண்களை எழுதி ரிமோட்டின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறார்; முன்னறிவிப்பின்றி அவை மாறியதால் இதுவரை இரண்டு முறை அடித்து எழுதிவிட்டார்.