ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஓட்டும் வசதி: உள்ளிருக்கும் வரைபடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பயணிக்க உதவும் வசதி கொண்ட ஒரு காரை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் கேமராவையும் ரேடாரையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், உள்ளே இருக்கும் உயர்துல்லிய வரைபடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

செல்பேசியில் வழிகாட்டும் வரைபடத்துக்கு நாம் எந்தச் சாலையில் இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினாலும் குடி முழுகிவிடாது. ஆனால் ஒரு தடத்தின் அகலமே ஏறக்குறைய மூன்றரை மீட்டர்தான் என்பதால், தானாக ஓடும் காருக்கு அதே பிசகு பக்கத்துத் தடத்தில் போய் நிற்பதற்குச் சமம். ஆகவே லிடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி) பொருத்திய அளவை வண்டிகள் முன்கூட்டியே ஓடித் தடக்கோடுகளையும் வளைவுகளையும் சரிவுகளையும் சென்டிமீட்டர் கணக்கில் பதிந்து வைக்கின்றன; கார் தன் கண்ணில் படுவதை அந்தப் பதிவோடு பொருத்திப் பார்த்துத் தான் இருக்கும் இடத்தை அறிகிறது.

நான் அடிக்கடி செல்லும் ஓர் இணைப்புப் பாலத்தில், வளைவு எவ்வளவு இறுகுகிறது என்பதைத் தடுப்புச்சுவர் கடைசி நொடி வரை மறைத்துவிடும். கேமராவும் அதைப் பார்க்க வழியில்லை. ஆயினும் கார் வெகு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிரேக் உறுத்தாமல் திரும்பியது. கொடுத்த காசு செரித்தது அங்கேதான்.

குறை, சாலைப்பணியில் தெரிந்தது. பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டுத் தடத்தை ஒதுக்கி வரைந்திருந்த இடத்தில், கார் ஒரு கணம் தயங்கி, எச்சரிக்கை ஒலியுடன் ஓட்டும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. கண்டதும் பதிந்ததும் முரண்படும்போது ஒதுங்கிக்கொள்வது முறைதான்; ஆனால் பணி முடிந்து புதிய தடம் நிலைபெற்று ஐந்து வாரமாகியும் அதே இடத்தில் அதே கதை தொடர்கிறது. நிறுவனத்துக்கு எழுதினேன், அடுத்த புதுப்பிப்பில் சரியாகும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. புதுப்பிப்புக்குத் தனிச் சந்தா வேறு!

விளம்பரங்களில் எண்கள் பெரிதாகவே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சூப்பர் குரூஸ் என்னும் இதே போன்ற வசதிக்கான சாலைகளை 2 லட்சம் மைலிலிருந்து 4 லட்சமாக உயர்த்துவதாக 2022இல் அறிவித்தது. நான் கேட்பது நீளத்தை அல்ல, மாற்றம் எத்தனை நாளில் வந்துசேரும் என்பதை. ஓட்டுநர் உதவித் தொழில்நுட்பம் தயாரிக்கும் மொபில்ஐ நிறுவனத்தின் முறையில் சாலையில் ஓடும் சாதாரணக் கார்களே கிலோமீட்டருக்குச் சுமார் 10 கிலோபைட் அளவில் குறிப்பு அனுப்பி வரைபடத்தைத் திருத்துகின்றன; என் காரோ தினமும் தடுமாறியும் யாரிடமும் சொல்வதாகத் தெரியவில்லை.

நெடுந்தொலைவு செல்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். என் சந்தாவை, சாலைப்பணி நடந்த அந்த இரண்டு கிலோமீட்டர் வரைபடத்தில் திருத்தப்பட்ட பிறகுதான் நீட்டிப்பேன்.