கண்ணுக்குக் கீழே கேஸ்: கார்பாக்ஸி தெரப்பி, ஒரு வருடம் கழித்து

கருவளையம் போகக் கண்ணுக்குக் கீழே கரியமில வாயுவை, அதாவது கேஸை, ஊசியால் ஏற்றுவதுதான் கார்பாக்ஸி தெரப்பி. ஈப்போ கிளினிக்கில் இந்தக் கார்பாக்ஸி பேக்கேஜ் விலையை இறக்கிவிட்டார்கள் என்று எங்கள் தாமானில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி வாட்ஸப்பில் விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, நீங்க போட்டீங்கதானே, போகலாமா?" என்று கேட்டாள். முழு விலை கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! சரி, சொல்கிறேன்.

எனக்குக் கருவளையம் நீலம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று கண்ணுக்குக் கீழே தோலை லேசாக இழுத்துப் பாருங்கள், நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் அது ரத்தக் குழாய் விவகாரம், கேஸ் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. பழுப்பு அப்படியே நின்றால் நிறமி. நம் ஆட்களில் பலருக்கு அதுதான், அதற்கு இந்த ஊசியை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

கரியமில வாயு கூடினால் ரத்தம் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை எளிதாக விட்டுக்கொடுக்கும், இதை 1904இல் கண்டு சொன்னவர் கிறிஸ்டியன் போர், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா. குழாய்களும் விரியும். கேஸ் உள்ளே தங்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியே போய்விடும். டாக்டர் இதையெல்லாம் அழகாகத்தான் விளக்கினார்.

விளக்காதது அந்த மெஷினைப் பற்றி. கேஸைச் சூடாக்கி அனுப்பும் மெஷின் ஒன்று, சூடாக்காத பழசு ஒன்று, இரண்டும் அங்கே இருக்கின்றன. சூடான கேஸ் என்றால் ஓர் அழுத்தம், கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். பழசில் மாட்டினால் கண்ணுக்குக் கீழே மிளகாயைத் தேய்த்த மாதிரி, கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடும். ஊசி என்னவோ முடி மாதிரி மெல்லியதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மெஷின் கிடைக்கும் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது, விலையோ இரண்டுக்கும் ஒன்றே! கேட்டால் நர்ஸ், "இன்னைக்கு அது பிஸி அக்கா" என்று சிரிக்கிறாள். சுங்கை சிப்புட்டிலிருந்து லீவு போட்டுப் போகிறவளுக்குச் சிரிப்பா வரும்?

ஊசி போட்டதும் கண் உப்பிக்கொள்ளும், விரலால் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று ஏதோ நகரும். முதல் தடவை பயந்தேன், அப்புறம் அதைத் தொட்டுப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் வடிந்துவிடும்.

பலன்? இருந்தது, மறுக்கவில்லை. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து வரும் என் முகத்தைப் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பவர்கள் நின்றுபோனார்கள், தீபாவளிக்கு கன்சீலர் இல்லாமல் படம் எடுத்தேன். நிறுத்திய சில மாதங்களில் நீலம் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது, தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

பக்கத்து அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊசி என்றால் டாக்டர்தான் போட வேண்டும், அவரிடமும் மலேசிய சுகாதார அமைச்சு அழகுச் சிகிச்சைக்குக் கொடுக்கும் எல்சிபி சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் பேச்சே வேண்டாம்.

தங்கச்சிக்கு "போகாதே" என்றுதான் பதில் போட்டேன். போவதாக இருந்தால், சிகிச்சைக் கட்டிலில் படுப்பதற்கு முன்னால், காசு கட்டுவதற்கும் முன்னால், எந்த மெஷின் என்று கேள்.